கண்ணாடி லிஃப்டில் ஏறிய கிடாய்

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி அந்த மால் எழும்பி நான்கு வருடம் ஆகிறது. முன்னால் மூன்று தளம் கடைகள், பக்கத்துக் கட்டிடம் முழுக்க ஆபீஸ், பின்னால் பதினான்கு மாடிக் குடியிருப்பு. மாலின் மொட்டைமாடியில் குடியிருப்புக்காரர்களுக்கென்று ஒரு விசேஷ மண்டபம். முத்துமீனா அந்த மாலுக்கு மேனேஜர். கதவு திறப்பதிலிருந்து கழிவறையில் சோப்பு தீர்ந்துபோவது வரை எல்லாம் அவள் தலையில்தான். அறிவிப்புப் பலகை எழுதி மாட்டுவதில் அவளுக்குத் தனிப் பிரியம். 'ஓடாதீர்கள்', 'சாயாதீர்கள்', 'வெளி உணவு கொண்டுவராதீர்கள்' என்று தூணுக்கு ஒரு பலகை. இங்கே தும்முவதற்கும் சீக்கிரம் ஒரு பலகை வந்துவிடும் என்று செக்யூரிட்டி சுருளி சொல்வார். அவள் காதுபடச் சொல்லும் தைரியம் அவர் ஒருவருக்குத்தான் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு வாக்கிடாக்கியில் அவர் குரல் கேட்டது.

"மேடம், முன்வாசலுக்குக் கொஞ்சம் வாங்க. உசிலம்பட்டியே வந்து நிக்கிது."

அவர் மிகைப்படுத்தவில்லை. இரண்டு வேன், ஒரு பஸ். பட்டுச்சேலை கட்டிய பெண்கள் கையில் தாம்பாளங்கள்; பழம், தேங்காய், பச்சரிசி, சின்னஞ்சிறு வேட்டி சட்டை. பின்னால் மேளக்காரர்கள். எல்லோருக்கும் முன்னால், தோளில் துண்டும் கையில் கயிறுமாக பேயாண்டி. கயிற்றின் மறுமுனையில் மாலை போட்ட கறுப்புக் கிடாய்.

விஷயம் இதுதான். ஏழாம் மாடி தாமரைச்செல்வியின் மகன் சித்தார்த்துக்கு மொட்டைமாடி மண்டபத்தில் காதுகுத்து. தாய்மாமன் பேயாண்டி உசிலம்பட்டியிலிருந்து சீர் கொண்டுவந்திருக்கிறார். குடியிருப்பு வாசல் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் விடியற்காலையில் அங்கே குழாய் வெடித்து, ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் புகுந்து லிஃப்டும் நின்றுவிட்டது.

"பின்னாடி சரக்கு லிஃப்ட் இருக்குண்ணே. நேரா மண்டபத்துக்கே போயிரும்" என்றாள் முத்துமீனா.

பேயாண்டி கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"பாத்துட்டு வாரேன் தாயி. குப்பை டிரம்மு எறங்குது, முட்டக்கோசு ஏறுது. நடுவுல என் மருமகன் சீரு ஏறணுமாக்கும்?"

"முன்வாசல்ல மேளம் கூடாதுண்ணே. வெளிச் சாப்பாடும் கூடாது."

"பச்சரிசியும் முழுத் தேங்காயும் சாப்பாடா? எவன் அப்பிடியே திம்பான்?"

பச்சரிசிக்கு அவளிடம் பலகை இல்லை. "சரி, ஆடு?" என்றாள், இதில் ஜெயித்துவிடலாம் என்று.

பேயாண்டி கதவுக்குப் பக்கத்தில் இருந்த பலகையை நிதானமாக எழுத்துக்கூட்டி வாசித்தார். "கயிற்றில் கட்டிய செல்லப்பிராணிகளுக்கு அனுமதி உண்டு. கயிறு இருக்கு. செல்லமாத்தான் வளத்தோம்."

"அது நாய்க்கு எழுதுனதுண்ணே!"

"நாய்னு எழுதலையே தாயி."

சுருளி திடீரென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்களைக் கடைகளுக்கு இழுக்க அந்தப் பலகையை வைத்தவள் முத்துமீனாவேதான். அதற்கு ஒரு படிவமும் உண்டு. தன் விதியைத் தானே மீற அவளால் முடியாது. படிவத்தை எடுத்தாள்.

"பேரு?"

பேயாண்டி கிடாயை ஒரு பார்வை பார்த்தார். "மைனர்னு போட்டுக்க."

"தடுப்பூசி?"

"போட்டாச்சு."

"கடிக்குமா?"

"கடிக்காது. முட்டும்."

அவள் 'முட்டும்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். உள்ளே மேளம் அடிக்கக் கூடாது என்ற ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மேளக்காரர்கள் சலித்துக்கொண்டே மேளத்தைத் தோளில் தொங்கவிட்டார்கள்.

சீர் உள்ளே நுழைந்தது. நகரும் படிக்கட்டின் அடியில் பேயாண்டியின் மனைவி அன்னக்கொடி தாம்பாளத்தோடு நின்றுவிட்டாள். அவள் நின்றதும் பின்னால் நாற்பது பெண்களும் நின்றார்கள்.

"சேலையப் புடிச்சு இழுத்துருமோ?"

"இழுக்காதுக்கா. கொசுவத்தைத் தூக்கிப் புடிங்க. நான் சொல்றப்ப கால வைங்க." முத்துமீனா அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். பிறகு அடுத்தவளை. அதற்கடுத்தவளை. மேலே போய்ச் சேர்ந்த ஒருத்தி, தாம்பாளத்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு தடவை ஏறுவதற்காக மறுபக்கம் இறங்கி வந்தாள்.

கிடாய் படிக்கட்டைப் பார்த்ததுமே நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. அதைக் கண்ணாடி லிஃப்டில் ஏற்றிச் சுருளியைத் துணைக்கு அனுப்பினார்கள். மாலின் நட்டநடுவே, எல்லாத் தளத்துக்கும் தெரியும்படி, மாலை போட்ட மைனர் மெதுவாக உயர்ந்தது. சினிமாவுக்கு நின்ற வரிசை மொத்தமும் போனைத் தூக்கியது. கண்ணாடியில் தன்னைப் போலவே ஒருவன் நிற்பதைக் கண்ட மைனர் இரண்டு அடி பின்வாங்கி ஒரு முட்டு முட்டியது. சுருளி மூலையில் ஒட்டிக்கொண்டு, தொப்பியைக் கேடயம்போல் முன்னால் பிடித்திருந்தார்.

இரண்டாம் தளத்தில் அன்னக்கொடிக்குப் பொறுக்கவில்லை. "சத்தமில்லாமப் போறது எழவு வீட்டுக்குப் போற மாதிரில்ல இருக்கு!" என்றவள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள். கண்ணாடிக் கூரைவரை ஏறிய குலவை இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. கடைப் பிள்ளைகள் வெளியே ஓடிவந்தார்கள்.

குலவைக்கும் பலகை இல்லையே என்று முத்துமீனா யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் வாக்கிடாக்கி கரகரத்தது. கீழே வண்டி நிறுத்துமிடத்துக் காவலாளி பதறினான்.

"மேடம், என்ன சைரன் அது? எல்லாரும் வெளிய போயிரணுமா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தானும் குலவை போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்நேரம்வரை விரல் பட்டனை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. மாலில் உள்ள அத்தனை காவலாளிகளும் அதைக் கேட்டிருக்கிறார்கள். வாக்கிடாக்கியைத் தள்ளிப் பிடித்தாள். குலவையை முடித்துவிட்டு, "ஒண்ணுமில்ல, வேலையப் பாருங்க" என்றாள்.

மொட்டைமாடிக்கு வந்ததும் மேளக்காரர்கள் அடக்கிவைத்ததை எல்லாம் சேர்த்து அடித்தார்கள். மாமன் மடியில் உட்கார்ந்து சித்தார்த் ஊரைக் கூட்டி அழுதான். இரண்டு காதிலும் கம்மல் ஏறியதும் லட்டுக்குக் கை நீட்டினான். கீழே நழுவப் பார்த்த முத்துமீனாவைத் தாமரைச்செல்வி விடவில்லை. பந்தியில் உட்கார்த்தி இலை போட்டாள். பேயாண்டி தானே வந்து சாம்பார் ஊற்றினார்.

"ஒனக்குப் பிள்ளைக எத்தன தாயி?"

"ஒரு பொண்ணுண்ணே. நாலு வயசு."

"காது குத்தியாச்சா?"

அவள் சோற்றைப் பிசைந்தாள். "இல்லண்ணே. ஞாயித்துக்கெழம எனக்கு லீவு கெடையாது. எங்க அண்ணனும் ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டேதான் இருக்கு."

"அண்ணன் எங்க இருக்காரு?"

"தல்லாகுளத்துல. அருண்பாண்டின்னு பேரு."

பேயாண்டி வாளியைக் கீழே வைத்தார். "ஒன் வாசல்ல நான் அரைமணி நேரம் நின்னதுக்கே எனக்கு இம்புட்டுக் கோவம் வந்துச்சு. அந்த மனுசன் ரெண்டு வருசமா நிக்கிறாரே தாயி."

முத்துமீனா சாம்பார் காரம் என்பதுபோல் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஆட்டின் வீடியோ அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஆட்டை யாரும்மா உள்ள விட்டது?"

"படிவம் எல்லாம் சரியா இருக்கு சார். அனுப்பட்டுமா?"

படிவம் வேண்டாம் என்றார்கள். நாய், பூனை தவிர வேறெதுவும் கூடாது என்று உடனே பலகையை மாற்றச் சொன்னார்கள். சரி என்றாள். அதே மூச்சில், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு தனக்கு லீவு வேண்டும் என்றாள்.

"ஞாயித்துக்கிழமையா? கூட்டத்தை யாரு பாப்பா?"

"சுருளி அண்ணே பாத்துக்குவாரு சார். நேத்து ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டாரு."

போனை வைத்த கையோடு அண்ணனைக் கூப்பிட்டாள். காதுகுத்துத் தேதியைச் சொன்னதும் அருண்பாண்டி அதை இரண்டு தடவை திருப்பிக் கேட்டான்.

"தட்டு எம்புட்டு கொண்டு வரலாம்? அதுக்கு எதும் கணக்கு வச்சிருக்கியா?" என்றான் பிறகு.

"ஒன்னால எம்புட்டு முடியுமோ அம்புட்டு கொண்டாண்ணே."

அவன் போனை அணைக்கவே மறந்துவிட்டான். அங்கே அவன் மனைவியிடம் உரக்கக் கத்துவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏய், இங்க வாடி! மீனா லீவு போட்டுட்டா!"