நெவீராவின் பூர்வீகம்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பதினோரு நிமிடத்தில் அந்தப் பெயர் பிறந்தது. ஒவ்வொரு பக்கமும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பதை அலுவலகக் கணினி குறித்து வைத்துவிடும். அதனால் நேரத்தில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது.

குழந்தைப் பெயர்களுக்கான ஒரு இணையதளத்தில் அவளுக்கு வேலை. சலவைக் கடைக்கு மேலே, ஆறு பேர் உட்காரும் மாடி அலுவலகம். கீழே இஸ்திரி போடும்போது மேலே தரை சுடும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் பொருள், பூர்வீகம், அந்தப் பெயரை எத்தனை பேர் தேடினார்கள் என்று ஏறி இறங்கும் ஒரு கோடு. நாளுக்கு முப்பது பக்கம் அவள் எழுத வேண்டும். மூன்று அகராதிகளைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுவாள். அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டுவைப்பாள். டீம் லீடர் அதைத் தேடிப் பிடித்து அழிப்பார்.

"பிள்ளைக்குப் பேர் தேடி வர்றவங்ககிட்ட கேள்விக்குறியைக் காட்டாதம்மா. வயித்தைக் கலக்கிடும்."

அந்தச் செவ்வாய்க்கிழமை பக்கங்களின் தோற்றத்தை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையைச் செய்த ப்ரோகிராமர் ஒன்பது அடிக்கும்போது உள்ளே வந்து ஆறு அடிக்கும்போது எழுந்துவிடுவார். அதனால் எல்லாருக்கும் அவர் 'கடிகாரம்'. சோதித்துப் பார்க்க அவளிடம் ஒரு பெயர் கேட்டார்.

"உலகத்துல ஒருத்தருக்கும் இல்லாத பேரா குடு. நிஜப் பேரை வெச்சு உடைச்சேன்னா அந்தப் பேர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க."

அவள் வாய்க்கு வந்த எழுத்துகளைக் கோத்துப் பார்த்தாள். நெவீரா. தேடிப் பார்த்தாள், எங்கேயும் இல்லை. பக்கம் நிஜம்போலத் தெரிய வேண்டுமே என்று மற்ற கட்டங்களையும் நிரப்பினாள். 'பூர்வீகம்: கடலோடிகள் பேசிய, வழக்கொழிந்த ஒரு மொழி. பொருள்: யாருக்காக விளக்கு அணைக்கப்படாமல் இருந்ததோ, அவள்.'

"அடேங்கப்பா, சோதனைக்கே இவ்வளவு சோடிப்பா?" என்றார் கடிகாரம்.

சோதனை இரண்டு வாரம் நடந்தது. அவரும் அவளும் அந்தப் பக்கத்தைத் திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். ஒரு நாளில் நாற்பது தடவை, ஐம்பது தடவை. திறந்தது அலுவலக ஆளா, பெயர் தேடும் தாயா என்று பிரித்துப் பார்க்க இணையதளத்துக்குத் தெரியாது. மாதக் கடைசியில் 'வேகமாக ஏறும் அரிய பெயர்கள்' என்ற பட்டியல் தானாக வெளியானபோது மூன்றாம் இடத்தில் நெவீரா நின்றது. கடிகாரமும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்து, பக்கத்தை எடுத்துவிடலாம் என்று டீம் லீடரிடம் போனபோது அதைப் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

"ஏன் எடுக்கணும்? நல்லாத்தானே ஓடுது?"

"சார், அது நாங்க சும்மா…"

"எல்லாப் பேரும் ஒரு நாள் யாரோ ஒருத்தர் சும்மா வெச்சதுதாம்மா."

அந்த இடத்தில் அவள் இன்னொரு வார்த்தை பேசியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. மறுநாளைக்கு முப்பது பக்கம் பாக்கி இருந்ததால் இருக்கைக்குத் திரும்பிவிட்டாள். பிறகு மற்ற இணையதளங்கள் அதை எடுத்துப் போட்டன. ஒன்று 'கடலோடிகள்' என்றது. இன்னொன்று 'பண்டைய கடலோடி அரச குலம்' என்றது. ஏறும் கோடு நிஜமாகவே ஏறியது. தாய்மார்கள் அடியில் நன்றி எழுதினார்கள். அவள் அந்தப் பக்கத்தைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்த பத்தாம் நாள், அந்தப் பெயர் அவள் வீட்டுக் கூடத்துக்கே நடந்து வந்தது.

"ஏய் வாலு, இங்க வா. பேர் கிடைச்சிடுச்சு" என்று அண்ணி கூப்பிட்டாள். வீட்டில் வாய் திறக்காத பிள்ளை என்பதால்தான் அவளுக்கு வாலு என்று பெயர் வைத்திருந்தான் அண்ணன். அண்ணி கட்டிலில் சாய்ந்து, ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் போனுமாக இருந்தாள். "கேளு. யாருக்காக விளக்கு அணைக்கப்படாமல் இருந்ததோ, அவள். எப்படி இருக்கு?"

அவளே எழுதிய வரி.

"படிச்சதும் யாரோ என்னைப் பாத்துட்டு எழுதின மாதிரி இருந்துச்சுடி. அழுதுட்டேன்."

"அழுதது மட்டுமா? என் சட்டையிலதான் மூக்கைத் துடைச்சா" என்றான் அண்ணன். "வாலு, நீதான் பேர் டிபார்ட்மெண்டாச்சே. ஆஃபீஸ்ல நல்லாப் பாத்துச் சொல்லு. நாளைக்கு யாரும் வந்து இது வேற ஏதோ அர்த்தம்னு சொல்லிடக் கூடாது."

மறுநாள் அலுவலகத்தில் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தாள். பார்க்க என்ன இருக்கிறது? சாயங்காலம் வீட்டில் செருப்பைக் கழற்றும்போதே அண்ணி கேட்டாள்: "பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி. சரியாத்தான் இருக்கு."

சொன்ன வாய் அவளுடையதுதான். அந்த ஒரு பொய்க்குப் பிறகு எட்டு நாள் அவளால் குழந்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தூக்கச் சொன்னால் கை ஈரம் என்பாள், சளி பிடித்திருக்கிறது என்பாள். அண்ணனோ அர்த்தத்தை ஊரெல்லாம் பரப்பிக்கொண்டிருந்தான். கடலோடிகளுக்குக் கப்பல் கொடுத்தான். கப்பலுக்கு ஒரு ராணியைக் கொடுத்தான். அவன் பேசப்பேச அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள்.

பதிவு அலுவலகத்துக்குப் போன காலை, அண்ணன் வண்டி நிறுத்த இடம் தேடிப் போயிருந்தான். அண்ணியும் அவளும் குழந்தையோடு உள்ளே வந்தார்கள். இரும்பு நாற்காலிகள் வரிசையாகப் போட்ட நீளக் கூடம். சுவரில் சிவப்பு எண்கள் மாறிக்கொண்டிருந்தன. அவர்கள் சீட்டு அறுபத்திரண்டு. ஓடியது ஐம்பத்து நான்கு. விண்ணப்பத்தை அண்ணி முந்தின நாளே நிரப்பி வைத்திருந்தாள். பெயர்க் கட்டத்தில் எழுத்துகள் அச்சடித்ததுபோல அழகாக இருந்தன. அந்த அழகுதான் அவளைப் பிடித்து உலுக்கியது. அறுபத்திரண்டு வருவதற்குள் சொல்லவில்லை என்றால் அப்புறம் ஆயுசுக்கும் சொல்ல முடியாது.

ஐம்பத்தெட்டில் அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணி, அந்தப் பேர் நிஜம் இல்ல."

"எந்தப் பேர்?"

"பாப்பா பேர். அது நான் ஆஃபீஸ்ல சோதனைக்காக இட்டுக்கட்டினது. கடலோடி, மொழி எல்லாமே நான் எழுதினது. எடுக்கணும்னு சொன்னேன், எடுக்கல. நானும் விட்டுட்டேன்."

அண்ணி சிரித்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பாத்துட்டேன், சரியா இருக்குன்னு சொன்னியே?"

"பொய் சொன்னேன்."

"எட்டு நாள் ஆச்சு."

"ஆமா அண்ணி."

"உங்கண்ணன் எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பாரு தெரியுமா? நான் எங்கம்மாகிட்ட சொல்லி, அவங்க தெருவுக்கே சொல்லி…" அண்ணி குரலைத் தாழ்த்தினாள். பக்கத்து நாற்காலிக்காரர் போனைப் பார்ப்பதுபோல இவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இட்டுக்கட்டினது சரி. அந்த அர்த்தம் எங்கேருந்து வந்துச்சு? கப்பல் இல்ல. விளக்கு."

இந்தக் கேள்வி வராது என்று அவள் நம்பியிருந்தாள். வாய்க்கு வந்ததை எழுதினேன் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இரண்டு வருடமாகத் தன்னிடமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"உங்க ரூம்லேருந்து" என்றாள்.

அண்ணி புரியாமல் பார்த்தாள்.

"முதல் தடவை… ஏழாம் மாசத்துல நீங்க ஆஸ்பத்திரியிலேருந்து வெறுங்கையோட திரும்பி வந்தீங்களே. சின்ன ரூம்ல ட்யூப்லைட்டைப் போட்டுட்டு யாரையும் அணைக்க விடல. பட்டப்பகல்லயும் எரிஞ்சுது. அண்ணன் அணைக்கப் போனப்ப கையைத் தட்டிவிட்டீங்க. அந்தப் பேரை எழுதின அன்னிக்குக் காலைல நான் அந்த ரூமைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். மதியம் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டியிருந்துச்சு. நிரப்பிட்டேன்."

வீட்டில் ஒருவரும் பேசத் துணியாத ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் ஒரு விளையாட்டுப் பக்கத்துக்குச் சோடிப்பாக ஒட்டியிருந்தாள். அதைப் பார்த்துக் கடிகாரம் பாராட்டியபோது கொஞ்சம் பெருமையும் பட்டிருந்தாள். அந்தப் பெருமையைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

குழந்தை முகத்தைச் சுளித்து, தும்மி, மறுபடி தூங்கியது.

"அப்ப நீ ஒரு தடவைகூட உள்ள வந்து என்கிட்ட உக்காரல" என்றாள் அண்ணி. "வாசல்ல நின்னு பாத்துட்டு, போய் எழுதியிருக்க."

"என்ன பேசறதுன்னு தெரியல அண்ணி."

"பேசச் சொன்னேனா? உக்காரத்தான் ஆள் இல்ல."

அறுபது என்று மாறியது சுவர். அண்ணி விண்ணப்பத்தை எடுத்து, பேனாவால் பெயரை ஒரே இழுப்பில் அடித்தாள். காகிதம் கிழியும்போல இருந்தது. பிறகு அடித்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்திரண்டு வந்தது. கவுண்டரில் இருந்த அம்மாள் காகிதத்தை வாங்காமலேயே திருப்பித் தள்ளினாள்.

"அடிச்சு எழுதினா எடுக்க மாட்டோம்மா. புது ஃபார்ம் எழுதிட்டு வாங்க. அந்த ஓரமா நின்னே எழுதிடுங்க, வரிசையைப் பிடிச்சு வெக்கறேன்."

அண்ணி புது விண்ணப்பத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். "என் கை காலி இல்ல. நீ எழுது."

அப்பா பெயர், அம்மா பெயர், தேதி, முகவரி எல்லாவற்றையும் எழுதினாள். பெயர்க் கட்டத்துக்கு வந்து பேனாவைத் தூக்கிக்கொண்டாள்.

"என்ன எழுதட்டும் அண்ணி?"

"அதையே எழுது."

"அண்ணி, வேண்டாம். எனக்காக…"

"உனக்காகவா? ரொம்பத்தான் நினைப்பு." அண்ணியின் குரலில் கோபம் அப்படியே இருந்தது. "பத்து நாளா அந்தப் பேரைச் சொல்லித்தான் இவளைத் தூங்க வெச்சிருக்கேன். லைட்டைப் போட்டது நான். அதை உங்க ஆஃபீஸுக்கு விட்டுக்குடுக்க மாட்டேன். எழுது. ஆனா கடலோடி, கப்பல் எதுவும் எனக்கு வேண்டாம். உங்க பக்கத்துலேருந்து எடு. எடுக்க மாட்டேன்னு சொன்னா யார் எழுதினதுன்னு அதுலயே எழுதிப் போடு."

அவள் எழுதினாள். எழுத்துகள் அண்ணி எழுதியதைப்போல அழகாக வரவில்லை. கவுண்டர் அம்மாள் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தாள்.

"நெவீரா. புதுசா இருக்கே. என்னம்மா அர்த்தம்?"

அண்ணி குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டு, பதில் உன்னுடையது என்பதுபோல அவளைப் பார்த்தாள்.

"பழைய அர்த்தம் எதுவும் இல்லீங்க" என்றாள் அவள். "சும்மா சேத்து வெச்ச எழுத்து. நான்தான் சேத்தேன்."

"ஓ, அத்தை வெச்ச பேரா!" என்று அந்த அம்மாள் சந்தோஷமாக முத்திரையைக் குத்தினாள். பாராட்டு அவள் முகத்தில் அறைந்ததுபோல விழுந்தது. அண்ணி சான்றிதழ்ச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்; குழந்தையைத் தூக்கச் சொல்லி அவளிடம் கேட்கவில்லை.

வெளியே வண்டிக்குப் பக்கத்தில் அண்ணன் போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். "ஆமா பெரியப்பா, கப்பல்காரங்க பேசின பாஷையாம். ராணிக்கு வெச்ச பேராம். சும்மா இல்ல, நம்ம வாலு ஆஃபீஸ்லயே பாத்துச் சொல்லியிருக்கா." அவர்களைப் பார்த்ததும், ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டினான்.

அண்ணி வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியை ஏற்றவில்லை.

ராத்திரி சொல்லலாம், இவன் பேசி முடித்ததும் சொல்லலாம், மெதுவாக, தனியாக என்று எட்டு நாள் பழகிய பயம் அவளுக்கு வழி காட்டியது. அண்ணன் ராணிக்கு ஒரு தீவைக் கொடுக்க ஆரம்பித்திருந்தான். அவள் கிட்டே போய் அவன் முழங்கையைத் தொட்டாள்.

"இருங்க பெரியப்பா, வாலு ஏதோ சொல்றா. அப்புறம் கூப்பிடறேன்."

"வெச்சிடாதண்ணா" என்றாள். "ஸ்பீக்கர்ல போடு. பெரியப்பாவும் கேக்கட்டும்."