பூனை கட்டிய சாரம்

விடியுமுன்பே சாரத்தில் ஏறிவிட்டோம். பனியில் நனைந்த கயிறு உள்ளங்கையைத் தோலுரித்தது. முந்தின நாளே இரண்டாம் அடுக்குப் பலகைகளில் பாதியைக் கழற்றி வேறு கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார் முதலாளி. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மங்கிய வெளிச்சத்தில் அங்கே காலை வைத்த என் அக்கா புருஷன் நேராகக் கீழே போனார்.

எங்கே கால் தவறினாலும் நின்றபடியே இறங்குவார் என்பதால் அவருக்குப் பூனை என்று பெயர். அன்றும் நின்றபடிதான் இறங்கினார். வலது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கினார். பெரிதாகக் கிழிக்க வேண்டாம், சின்னத் துளைகள் வழியே எலும்பைத் தூக்கி நிறுத்தி ஸ்க்ரூ வைக்கலாம், புண்ணும் சீக்கிரம் ஆறும். ஆனால் பத்து நாளுக்குள் செய்தாக வேண்டும். தள்ளிப்போனால் எலும்பு கோணலாக ஒட்டிக்கொள்ளும், ஏணியை மறந்துவிட வேண்டியதுதான். வேலையில் அடிபட்டது என்று முதலாளி கடிதம் தந்தால் காப்பீட்டில் உடனே செய்யலாம் என்றார்.

முதலாளி தரவில்லை. அவனாகக் குதித்தான், மாவுக்கட்டு போதும் என்று ஏழு நாள் அலையவிட்டார். அந்த ஆளின் குதிகாலை என் கையால் உடைக்க வேண்டும்போல் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அக்காதான் என்னை நிறுத்தினாள்.

"நீ ஜெயிலுக்குப் போனா அந்தாளு நிம்மதியா தூங்குவான்டா. அவனைத் தூங்க விடாத."

எட்டாம் நாள் முதலாளியே வேலையிடத்துக்கு வந்தார். மூன்று நாளில் கட்டடத் திறப்பு, முகப்பை மறைக்கும் சாரத்தை உடனே இறக்கச் சொன்னார். எங்கள் தொழிலில் முதல் முடிச்சைக் கட்டியவர்தான் அவிழ்ப்பார். எது எதைத் தாங்குகிறது என்று அவருக்குத்தான் தெரியும். இதைக் கட்டியவர் பூனை.

"அவரு காலூன்றி வந்து அவிழ்ப்பாரு," என்றேன்.

"அது எப்போ?"

"நீங்க கடிதம் குடுக்குறதைப் பொறுத்து."

"வேற ஆளுங்களைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. யார் கட்டினதுன்னுதான் அவங்களும் முதல்ல கேப்பாங்க."

கொத்தனார்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். பெயின்டர்களும் இறங்கி வந்து எங்களோடு உட்கார்ந்தார்கள். எங்களுக்கு மிச்சம் இரண்டு நாள், அவருக்கு மூன்று. முதல் தடவையாக அவரும் எங்களோடு சேர்ந்து நாட்களை எண்ணினார்.

அப்போது அக்கா வந்தாள். பூனையின் வலது கால் செருப்பை வாசலுக்கு நேர் மேலே, முதல் முடிச்சில், தொங்கவிட்டாள். கடிதம் வராவிட்டால், திறப்புக்கு வருகிறவர்கள் அதன் கீழே குனிந்துதான் உள்ளே போக வேண்டும்.