பெருவிரல் அகலம்

என் உதவியாளர் அன்சா கழுவித் தரும் டைட்டானியத் தகட்டுக்கு நான் பாலிமர் பூச்சு ஏற்றுவேன். முறிந்த எலும்போடு சேர்த்து உள்ளே வைக்கிற தகடு அது. பூச்சு நன்றாகப் பிடித்தால் கிருமி அண்டாது. எங்கள் குமாசி நகர ஆய்வுக்கூடத்தில் அது மூன்று முறை உரிந்தது. மூன்று முறையும் ஒரே ஓரத்தில், பெருவிரல் அகலத்துக்கு. சோதனையில் அங்கே மட்டும் கிருமி குடித்தனம் நடத்தியது.

"நீ கழுவுற லட்சணம் இதுதான்!" என்று கத்தினேன்.

"பக்கத்துல நின்னு பாத்துட்டுச் சொல்லுங்க சார்."

பார்த்தேன். அன்சாவுக்கு இடது கைப் பழக்கம். உறை போட்ட இடது கையால் அப்பழுக்கில்லாமல் கழுவினாள். வேலை செய்கிற கைக்கு மட்டும் உறை போதும் என்று சிக்கனம் பிடித்தவன் நான்தான். கழுவியதும், என்னிடம் நீட்டுவதற்கு முன் தகட்டை வெறும் வலது கைக்கு மாற்றினாள்.

"ஏம்மா! வெறும் விரலால தொடலாமா? விரல்ல இருக்கிற எண்ணெய் பட்டா பூச்சு எப்படி ஒட்டும்?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு இடது கையாலதான் குடுத்தேன். 'பெரியவனுக்கு இடது கையா நீட்டுற? வீட்டுல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?'ன்னு குதிச்சது யாரு சார்?"

குதித்தேன்தான்.

"சரி, இனிமே இடது கையாலயே குடு," என்றேன்.

நான்காவது பூச்சு கத்தியால் சுரண்டியும் அசையவில்லை.

அன்று மதியம் அன்சா சிரித்துக்கொண்டே, சாப்பிட வாங்கி வந்த கென்கே என்ற சோளமாவு உருண்டைப் பொட்டலத்தை இடது கையால் நீட்டினாள்.

"இது யாரு எலும்புக்குள்ளயும் போகப் போறதில்ல," என்றேன். "வலது கையால குடு!"