ஆறில் நின்ற ஸ்விட்ச்

1

இந்தக் கதை என் முழங்கையிலிருந்து பிறந்தது. புத்தக அலமாரியின் கதவுக் கண்ணாடியை அது உடைத்தது, நான் கடைக்குப் போன் செய்தேன், கண்ணாடி வந்தது. என் கதையெல்லாம் மூளையிலிருந்து வருகிறது என்று நம்பிக்கொண்டிருக்கும் நண்பர்கள் மன்னிக்க வேண்டும்.

வண்டிக்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. பழைய பிக்கப் ஒன்று இரண்டாவது கியரிலேயே ஊளையிட்டுக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. இறங்கிய கண்ணாடிக்காரரோ காற்று வாங்கிவிட்டு வந்தவர் மாதிரி நிதானமாக இருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கிய அவர் மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை.

டாஷ்போர்டின் மேல் ஒரு வட்ட மீட்டர் புதிதாக முளைத்திருந்தது. வண்டியின் வேகத்தைக் காட்டுவது அல்ல. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை ஆயிரம் தரம் சுற்றுகிறது என்று காட்டும் டாக்கோமீட்டர். அந்த வண்டியில் அது, தாத்தாவுக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டது போல இருந்தது.

இருவரும் கண்ணாடியைத் தூக்கி வந்தார்கள். அவர் முன்னால், அந்த அம்மா பின்னால். "படி இருக்கு, நில்லுங்க" என்றார் அந்த அம்மா. அவர் நிற்கவில்லை. மறுபடியும் சொன்னார். அவர் நடந்துகொண்டே இருந்தார். அந்த அம்மா கண்ணாடியைத் தன் பக்கம் லேசாக இழுத்தார். அந்த இழுப்பு கையில் தெரிந்ததும் அவர் நின்றுவிட்டார். கணவரின் பின்கழுத்தை அந்த அம்மா பார்த்துக்கொண்டே நின்றதை நான் பார்த்தேன்.

இதுவரை கண்ணால் கண்டது. இனி உங்கள் காதில் பூச்சுற்றப்போகிறேன். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள்.

2

"கண்ணாடிக்காரருக்குப் பந்தா பிடிக்கும். இந்த வயதிலும் பந்தயக் கார் ஓட்டுகிற நினைப்பில்—"

[வேண்டாம். அந்த நிதானமான முகத்துக்கு இது ஒட்டவில்லை.]

"மனைவிக்குத் தெரியாமல் அவரிடம் ஒரு ரகசியம்—"

[இதைப் படித்ததும் நீங்கள் வேறு எதையோ நினைத்தீர்கள். அடித்துவிட்டேன்.]

நேராகவே சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்காரருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மனைவி சாவியைப் பிடுங்கிக்கொண்டு, கடையில் உட்காரவைத்துவிடுவாள் என்று பயந்தார். அவர் ஏற்றிய கண்ணாடி வழியில் விரிசல் விட்டதில்லை. அது ஒன்றுதான் அவர் பெருமை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, ஏறியவர்களுக்குத் தெரியாதபடி கியர் மாற்றுவார். இப்போது அந்தச் சத்தமே கேட்கவில்லை. காது விட்டதைக் கண்ணால் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

3

மனைவியின் தம்பி ஆட்டோ எலக்ட்ரீஷியன்.*

(* முதல் பிரதியில் இவனைக் குடிகாரன் ஆக்கியிருந்தேன், தவறு செய்ய ஒரு காரணம் வேண்டுமே என்று. அப்புறம் பாவமாக இருந்தது. தவறு செய்யக் குடித்திருக்க வேண்டுமென்றால் நானெல்லாம் எப்போதும் போதையில்தான் இருந்தாக வேண்டும்.)

ஆறு சிலிண்டர் காரிலிருந்து கழற்றிய மீட்டர் ஒன்று அவன் பட்டறையில் சும்மா கிடந்தது. இந்த வண்டிக்கு எதற்கு இது என்று கேட்டான். பெட்ரோல் மிச்சமாகும் என்றார் மாமா. எங்கேயோ படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, இக்னிஷன் காயிலிலிருந்து ஒரு கம்பி, பேட்டரிக்கு ஒன்று, பாடியில் ஒன்று என்று இழுத்து முடித்தான்.

"முள்ளு எங்க வந்தா கியர் மாத்தணும், மாப்ள?"

தம்பிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கிண்டல் செய்கிறார் என்று அவனும் சிரித்தான். "ரெண்டரைக்கு வந்தா மாத்துங்க மாமா" என்று, அந்த இடத்தில் சிவப்பு டேப்பைக் கிள்ளி ஒட்டிவிட்டான்.

மீட்டரின் முதுகில் ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு: நாலு, ஆறு, எட்டு. வண்டிக்கு எத்தனை சிலிண்டரோ அதில் வைக்க வேண்டும். இது நாலு சிலிண்டர் வண்டி. ஸ்விட்ச் ஆறிலேயே நின்றது. அதனால் இன்ஜின் மூவாயிரம் சுற்றினால் முள் இரண்டாயிரம்தான் காட்டும். முள் சிவப்பு டேப்பைத் தொடுவதற்குள் இன்ஜின் தொண்டை கிழியக் கத்தியிருக்கும்.

காது கேட்கிறவர் யாராக இருந்தாலும் முதல் திருப்பத்திலேயே திரும்பி வந்து தம்பியைக் கிழித்திருப்பார். இவர் வரவில்லை. முள்ளைப் பார்த்து, டேப்பைப் பார்த்து, ஒழுங்காகக் கியர் மாற்றிக்கொண்டு சந்தோஷமாக ஊர் சுற்றினார். நெடுநாளைக்குப் பிறகு அவருக்கு நிம்மதியாக இருந்தது.

4

அவர் மனைவி வழக்கமாக வண்டியில் ஏறுவதில்லை. கடையில் கண்ணாடி அறுப்பது அவர்தான். என் அலமாரிக் கதவு பெரியது, தூக்க இரண்டு பேர் வேண்டும் என்பதால் வந்தார். [ஆக, இதற்கும் என் முழங்கைதான் பொறுப்பு.]

வழியில் இரண்டு தரம் கேட்டார், வண்டி ஏன் இப்படிக் கத்துகிறது என்று. கணவர் தலையாட்டினார். கொஞ்ச காலமாக எல்லாவற்றுக்கும் அப்படித்தான் தலையாட்டுகிறார். அதற்காக அந்த அம்மா போடாத சண்டையில்லை. என் பேச்சைக் காதிலேயே வாங்குவதில்லை, நான் என்ன சுவரா என்று எத்தனையோ நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்.

என் வீட்டுப் படியில் அந்த அம்மாவுக்கு எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. முன்பெல்லாம் கண்ணாடி அறுத்தவர் கணவர்தான். அறுக்கும் சக்கரம் கண்ணாடிமேல் சர்ரென்று மெல்லிசாக ஒரு சத்தம் எழுப்பும்; அது விட்டுவிட்டு வந்தால் கோடு சரியில்லை என்று அர்த்தம். ஒருநாள் தோள் வலிக்கிறது என்று சக்கரத்தை மனைவி கையில் கொடுத்துவிட்டார். தோளுக்கு அந்த அம்மா எண்ணெய்கூடக் காய்ச்சித் தேய்த்திருக்கிறார்.

இந்த இடத்தில் அந்த அம்மாவை அழவைக்கலாமா என்று யோசித்தேன். அவர் மறுத்துவிட்டார். அவருக்குக் கோபம்தான் வந்தது.

5

தம்பியின் பட்டறைக்குத் தனியாகப் போனார். சத்தம் எப்படி என்று அக்கா சொல்லச் சொல்லத் தம்பிக்கு ஸ்விட்ச் ஞாபகம் வந்தது. அப்புறம்தான் மாமாவின் காது விஷயம் உறைத்தது, உட்கார்ந்துவிட்டான்.

"நாலுக்குத் தள்ளிட்டா சத்தம் போயிடும்க்கா. மாமா பாட்டுக்கு ஓட்டிட்டிருப்பார். யாருக்கும் தெரியாது."

"சத்தம் போயிடும். எனக்குத் தெரிஞ்சது போயிடுமா?"

"அவர்கிட்ட சொல்லிடவா?"

"சொல்லாத. சொன்னா தலையாட்டுவாரு. அவரு கண்ணு முன்னாடி தள்ளு."

[நான் வேறு மாதிரி எழுதியிருந்தேன். சாவியைப் பிடுங்கி, கதவைச் சாத்தி, நல்ல காட்சிதான். இந்த அம்மா என்னைவிடக் கெட்டிக்காரர்.]

மறுநாள் கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தார், மனைவி பக்கத்தில். முள்ளை இரண்டில் நிறுத்திப் பிடிக்கச் சொல்லித் தம்பி கைஜாடை காட்டினான். அவர் ஆக்ஸிலரேட்டரை அசையாமல் மிதித்துப் பிடித்தார். தம்பி மீட்டரின் பின்னால் விரலை விட்டு ஸ்விட்சைத் தள்ளினான். கால் அசையவில்லை, முள் மட்டும் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவியது.

வண்டியை அறிந்தவருக்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? தெருத்தெருவாக எல்லோருக்கும் கேட்டது, பக்கத்திலிருந்தவளுக்குக் கேட்டது, தனக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் மெல்லக் காலை எடுத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவர் முகம்

அவர் முகத்தில் அப்போது

[முடியவில்லை. விட்டுவிடுங்கள்.]

மனைவி அவர் தோளில் கை வைத்தார், வலிக்காத அந்தத் தோளில்.

6

இனி முடிவு. அவரே தொடர்ந்து ஓட்டினார் என்று முடித்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் முள் இன்ஜினைக் காட்டும்; பின்னால் வரும் ஹாரனைக் காட்டாது. யாருக்காவது அடிபட்டால் அந்தப் பாவம் என் பேனாவுக்கு. மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டார் என்று முடித்தால் நியாயமாக இருக்கிறது. ஆனால் கண்ணாடிக்காரர் சாவியைக் கொடுக்கும் காட்சியை எழுத எனக்குக் கை வரவில்லை. இருவரும் டாக்டரிடம் போனார்கள், காதுக்கு மெஷின் வாங்கினார்கள் என்றும் எழுதலாம். அப்படி நடந்திருந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் யாரும் இல்லை.

வேறு வழி தெரியாமல், அலமாரியின் இன்னொரு கதவுக்கும் கண்ணாடி சொல்லியிருக்கிறேன். அது உடையவில்லை. கழற்றிக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன்.

இதோ, தெருமுனையில் பிக்கப் வருகிறது. ஊளை இல்லை. கியர் மாறுவதே தெரியாமல் வருகிறது. எழுந்து எட்டிப் பார்த்தால் ஸ்டியரிங்கில் யார் என்று தெரிந்துவிடும். எனக்குத் தைரியம் இல்லை; நான் இந்த வரியை எழுதிக்கொண்டு இங்கேயே இருக்கிறேன்.

நீங்கள் போய்க் கதவைத் திறங்கள். கண்ணாடிக்காரர் எந்தப் பக்கத்திலிருந்து இறங்கினாலும் சரி, பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். எதிரே போய் நின்று, உங்கள் முகம் தெரியும்படி, படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.