அந்தக் கட்டை என்னுடையதில்லை

இரஞ்சிதத்தின் அண்ணன் மகள் தர்சினியின் குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்றுதான் அது நடந்தது. 2011 மார்ச். மெல்பேர்னில், கிளென் வேவர்லியில் அண்ணன் வீடு. இரஞ்சிதம் கைகால் கழுவி, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குழந்தையை வாங்கக் கைகளை நீட்டினாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் மனைவி சந்திரகலா பின்கதவால் உள்ளே வந்தாள். அவள் கையில் ஒரு ரிஷ்யூத் தாள். அதற்குள் ஒரு சிகரெட் கட்டை.

“பிள்ளையின்ரை உடுப்புக் காயப்போட்ட இடத்திலை, பூச்சாடிக்குள்ளை கிடக்குது,” என்றாள் சந்திரகலா. குரலைத் தாழ்த்தவில்லை. “இரஞ்சிதம், பிள்ளையைத் தொடாதையும். உம்மிலை மணக்குது.”

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. அந்த அறையில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். ஒன்பது பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

இரஞ்சிதம் கட்டையைப் பார்த்தாள். மஞ்சள் ஃபில்டர், அதைச் சுற்றிப் பொன்னிறக் கோடு. அவள் பிடிப்பது மெல்லிய தாளில் தானே சுற்றுகிற புகையிலை. அதில் ஃபில்டர் இல்லை.

“மச்சாள், அது என்ரை இல்லை. இண்டைக்கு இந்த வீட்டிலை நான் பத்தவே இல்லை.”

“அப்ப ஆர்? இந்தக் குடும்பத்திலை உம்மை விட்டால் ஆர் பத்துறது?”

யாரோ சிரித்தார்கள். எல்லோரும் அறை வாசலில் நின்ற அண்ணன் விக்னராஜாவைப் பார்த்தார்கள். முந்தின வருடம்தான் அவருக்கு இருதயத்தில் பைபாஸ் செய்திருந்தது. அதற்குப் பிறகு சிகரெட்டை விட்டுவிட்டதாகக் கோயிலில் வைத்துச் சத்தியம் பண்ணியவர். அவர் கட்டையைப் பார்த்தார். பிறகு கார்ப்பெட்டைப் பார்த்தார்.

“சரி, விடுங்கோ. சாப்பாடு ஆறுது,” என்றார்.

அவ்வளவுதான். என் தங்கச்சி பொய் சொல்லமாட்டாள் என்று ஒரு சொல் வரவில்லை.

இரஞ்சிதம் சாப்பிடாமல் பஸ் எடுத்து ஸ்பிரிங்வேலில் இருந்த தன் ஃபிளாட்டுக்கு வந்தாள். வருகிற வழியில், கைப்பையில் கிடந்த மின்கட்டணக் கடித உறையின் பின்பக்கத்தில் அந்த ஒன்பது பேரின் பெயர்களையும் எழுதினாள். ஏன் எழுதுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுதாவிட்டால் பஸ்ஸில் இருந்து கத்திவிடுவாள் போலிருந்தது.

அவள் சிகரெட்டை ஆசைப்பட்டுத் தொடங்கியவள் இல்லை. கணவர் காலமான பிறகு, 2008இல் அண்ணன்தான் ஸ்பொன்சர் பண்ணி அவளை இங்கே எடுத்தார். முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை கிடைத்தது. அங்கே சிகரெட் பத்துகிறவர்கள் இரண்டு மணிக்கொருதரம் வெளியே போய்க் காற்று வாங்கினார்கள். பத்தாதவர்கள் உள்ளேயே நீராவியில் அவிந்தார்கள். அவளும் வெளியே போனாள். முதலில் சும்மா நின்றாள். பிறகு ஒன்றைக் கையில் பிடித்தாள். அடுத்த வருடம் மே மாதம், வன்னியில் இருந்த சின்னக்காவின் குடும்பத்தைப் பற்றி ஒரு தகவலும் வராமல் போனபோது, ஒரு நாளுக்குப் பதினைந்தாகிவிட்டது. சந்திரகலாவுக்கு அது தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

“விடுறன். இதை விட்டுக் காட்டுறன். அதுக்குப் பிறகு இன்னொரு கட்டை அந்த வீட்டிலை கிடக்கட்டும், பாப்பம்,” என்று அடுத்த நாள் வேலையிடத்தில் நபீசாவிடம் சொன்னாள். நபீசா புத்தளத்துக்காரி, அதே இல்லத்தின் சமையலறையில் வேலை.

“வைராக்கியத்துல மட்டும் விடேலாது, அக்கா,” என்றாள் நபீசா. “எங்கட அவரும் எத்தனையோ தரம் விட்டவரு. இப்ப ஒரு மெஷின் வச்சிருக்காரு. பேனா மாதிரி. நெருப்பு இல்ல, ஆவி மட்டும்தான். நெட்டுல ஓடர் பண்ணினது. உங்களுக்கும் எடுத்துத் தரச் சொல்றன்.”

பொதி வந்து சேர மூன்று கிழமை எடுத்தது. சின்னப் பெட்டிக்குள் இரண்டு பற்றரி, ஒரு சார்ஜர், விரல் நீளத்தில் ஐந்து குழாய்கள். நிக்கோட்டின் கலந்த திரவம் வேறு நாட்டிலிருந்து தனியாக வந்தது. இங்கே கடைகளில் அது விற்பதில்லை. நபீசாவின் கணவர் சிஹாப்தீன் ஒரு தாளில் படம் கீறி, எங்கே எத்தனை துளி விடவேண்டும், எந்தப் பொத்தானை அமர்த்தவேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தார்.

இரஞ்சிதம் குசினியில் கதிரையைப் போட்டு இருந்து, பொத்தானை அமர்த்தி, சிகரெட்டை இழுக்கிற மாதிரியே பலமாக இழுத்தாள். திரவம் அப்படியே நாக்கில் வந்து விழுந்தது. மிளகைக் கடித்த மாதிரி எரிந்தது. ஸிங்கில் துப்பிவிட்டு இருமினாள். இருமி முடிய விக்கல் பிடித்தது. ‘இந்தச் சனியனுக்கே மூண்டு கிழமை காத்திருந்தனான்’ என்று நினைத்தாள். உடனே ஒரு புகையிலையைச் சுற்றிப் பற்றவைத்தாள்.

மெதுவாக இழுக்கவேண்டும் என்பது நாலாம் நாள்தான் பிடிபட்டது. அதுவும் போதவில்லை. கைக்குச் சுற்றுகிற வேலை இல்லை, சாம்பல் தட்டுகிற வேலை இல்லை. தொண்டை காய்ந்தது. வேலை நடுவில் பற்றரி செத்துப்போனது. ஒன்பது நாள் இரண்டையும் மாறி மாறிப் பிடித்தாள். பத்தாம் நாள் காலை, பற்றவைத்த புகையிலையை வாயில் வைக்கும்போது, “உம்மிலை மணக்குது” என்ற குரல் காதுக்குள் கேட்டது. அந்தக் குரலின் மேல் இருந்த ஆத்திரத்தில் அதை அப்படியே ஸிங்கில் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். புகையிலைப் பொதியையும் தண்ணீருக்கடியில் பிடித்தாள்.

அதற்குப் பிறகு, புகைக்கச் சொல்லித் தவிக்க வைக்கிற ஒவ்வொரு தவனத்துக்கும் அவளிடம் ஒரு மருந்து இருந்தது. கடித உறையை எடுத்து ஒன்பது பெயர்களையும் வாசிப்பாள். விஜயா, யோகா என்று ஒவ்வொன்றாக. வாசித்து முடிய, ஆவிப் பேனாவை இரண்டு தரம் இழுப்பாள். தவனம் இறங்கிவிடும். ஆத்திரம் மட்டும் இறங்காது.

ஐந்தாம் கிழமை மூக்குத் திறந்தது. இதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. சலவைக்கு வருகிற படுக்கை விரிப்புகளின் மூத்திர மணம் முதன்முதலாக முகத்தில் அறைந்தது. பக்கத்து வீட்டில் வெங்காயம் வதக்குவது தெரிந்தது. அலுமாரியைத் திறந்தால் அவளுடைய குளிர்க்கோட்டு ஒரு சாம்பல் கிண்ணம் மாதிரி நாறியது. மூன்று தரம் தோய்த்தாள். மணத்தைப் பற்றிச் சந்திரகலா சொன்னது உண்மைதான். அது தெரிந்தபோது வெட்கத்தோடு இன்னும் கூடக் கோபம் வந்தது.

ஜூலை கடைசியில் விக்னராஜா அவளுடைய ஃபிளாட்டுக்குத் தனியாக வந்தார். பேத்திக்கு ஆறாம் மாதம் முதற்சோறு தீத்துகிறார்கள், கட்டாயம் வரவேண்டும் என்று சொல்ல வந்தார்.

“பழசை மனசிலை வைச்சிருக்காதை, பிள்ளை. மச்சாளின்ரை வாய் அப்பிடித்தான், உனக்குத் தெரியும்தானே,” என்று குனிந்து அவள் தோளைத் தொட்டார்.

பெப்பர்மின்ட் மணந்தது. முகத்துக்குப் பூசுகிற லோஷன் மணந்தது. இரண்டுக்கும் அடியில், விரல்களில், சற்று முன் அணைத்த சிகரெட்.

நாலு மாதமாக யாரென்று தெரியாமல் ஊரெல்லாம் அலைந்த கோபம் இப்போது ஒரு இடத்தில் வந்து அமர்ந்தது. பூச்சாடிக்குள் அந்தக் கட்டையைப் போட்டவர் இவர். போட்டுவிட்டு, தங்கச்சியின் தலையில் அது விழும்போது சாப்பாடு ஆறுகிறது என்றவரும் இவர்.

“வாறன் அண்ணா. கட்டாயம் வாறன்,” என்றாள். அவருக்குத் தேநீரும் போட்டுக் கொடுத்தாள்.

சோறு தீத்துகிற நாளில் அவள் நல்ல பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். அதே பெண்கள், அதே அறை. ஒரு மூலைக் கதிரையில் இருந்தாள். சமையல் முடிந்து படையல் வைக்கிற நேரம் அண்ணன் பின்பக்கம் போனார். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார். சந்திரகலா பாயசக் கிண்ணத்தோடு அவருக்குப் பின்னால் நடை வழியாக வந்தவள், மூக்கைச் சுளித்து நின்றாள்.

“இரஞ்சிதம்! திரும்பவும் தொடங்கீட்டீரோ? நல்ல நாளும் அதுவுமாய்!”

இரஞ்சிதம் எழும்பினாள். கைப்பையிலிருந்து ஆவிப் பேனாவை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள்.

“மச்சாள், நான் புகையிலையை விட்டு மூண்டரை மாசம். இதுதான் என்னட்டை இருக்கிறது. இதிலை நெருப்பும் இல்லை, கட்டையும் இல்லை. இந்தாங்கோ, என்ரை கையை மணந்து பாருங்கோ.”

சந்திரகலா மணக்கவில்லை. தர்சினிதான் குழந்தையை இடுப்பில் வைத்தபடி வந்து, குனிந்து மணந்தாள். “மாமியிலை ஒண்டும் இல்லை, அம்மா. சோப்புத்தான் மணக்குது.”

“இனி அப்பாவின்ரை வலக்கையை மண, பிள்ளை,” என்றாள் இரஞ்சிதம்.

விக்னராஜா கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டார்.

“என்ன விசர்க்கதை...” என்று தொடங்கினார்.

“வெளியிலை எடுங்கோ அண்ணா. அண்டைக்கு என்ரை கை எல்லாருக்கும் முன்னாலைதானே நீட்டினபடி நிண்டது. நீங்களும் நீட்டுங்கோ.”

தர்சினி அவருடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அவள் ஆஸ்பத்திரி நேர்ஸ். தகப்பனின் சத்திரசிகிச்சை அன்று பத்து மணி நேரம் வெளியே காத்திருந்தவள். விரல்களை மணந்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன.

“டாட், சீரியஸ்லி? பைபாஸ் செய்து இரண்டு வருஷம்கூட ஆகேல்லை!”

சந்திரகலா பாயசக் கிண்ணத்தைப் பக்கத்து மேசையில் வைத்தாள். அவளுடைய முகத்தை இரஞ்சிதம் அவசரப்படாமல் நன்றாகப் பார்த்தாள். பிறகு போய்க் குழந்தையின் வாயில் ஒரு துளி சோறு தீத்திவிட்டு, இலையில் வைத்ததெல்லாம் சாப்பிட்டு, “போயிட்டு வாறன்” என்று சொல்லிக்கொண்டு கிளம்பினாள். அன்றைக்குச் சாப்பாட்டில் ஒவ்வொரு கறியும் தனித்தனியாக ருசித்தது.

இரண்டு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், சந்திரகலா அவளுடைய ஃபிளாட்டுக்கு வந்தாள். இந்த மூன்று வருடத்தில் அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தரம். குசினிக் கதிரையின் நுனியில் இருந்தாள்.

“அவர் ஒளிக்கிறதை நிப்பாட்டிட்டார். இப்ப எனக்கு முன்னாலையே பத்துறார். டொக்டர் குடுத்த ஒட்டுற பிளாஸ்டர், சப்புற கம் ஒண்டும் சரிவரேல்லை,” என்றாள். “இரஞ்சிதம், உம்மடை அந்த மெஷின்... அவருக்கும் ஒண்டு எடுத்துத் தாரும். இல்லாட்டி ஆள் செத்துப்போவார்.”

இரஞ்சிதம் உள்ளே போய், மேலதிகமாக எடுத்து வைத்திருந்த பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சந்திரகலா கையை நீட்டினாள். இரஞ்சிதம் பெட்டியின் மேல் தன் கையை வைத்தாள். பிறகு கடித உறையை எடுத்து அவள் முன்னால் போட்டாள்.

“அண்டைக்கு முப்பத்தொண்டுக்கு வந்தவை. ஒன்பது பேர். ஒவ்வொருத்தருக்கும் இப்ப போன் எடுங்கோ. அந்தக் கட்டை இரஞ்சிதத்தின்ரை இல்லை, நான் பொய்ப்பழி போட்டனான் எண்டு சொல்லுங்கோ. ஸ்பீக்கரிலை போடுங்கோ.”

“அவையளுக்கு இப்ப தெரியும்தானே? அண்டைக்கு எல்லாரும் பாத்தவை.”

“நான் சொன்னதைப் பாத்தவை. நீங்கள் சொன்னதை இன்னும் கேக்கேல்லை.”

சந்திரகலா எழும்பப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்துவிட்டு மறுபடி இருந்தாள். முதல் அழைப்பு விஜயாவுக்கு. எழுதிக் கொடுத்ததை வாசிப்பது போல அவசரமாகச் சொல்லி முடித்தாள். “என்னப்பா, இதுக்கெல்லாம் போன் எடுக்கிறதே?” என்று விஜயா சிரித்தாள். இரண்டாவது, மூன்றாவது. நாலாவதில் சந்திரகலாவுக்கு அழுகை வந்துவிட்டது. “இவ்வளவும் காணும், இரஞ்சிதம்,” என்றாள். இரஞ்சிதம் பேனாவை மெதுவாக இழுத்து, ஆவியை யன்னல் பக்கம் விட்டாள்.

“அஞ்சாவது யோகாக்கா,” என்றாள்.

யோகா கேட்டுவிட்டு உடனே சொன்னாள்: “அட, அது எங்களுக்கு அண்டைக்கே தெரியும், கலா. விக்னராஜா அண்ணை பின்பக்கம் நிண்டு பத்தினதை நானும் விஜயாவும் குசினி யன்னலாலை பாத்தனாங்கள். உங்கடை குடும்ப விசயம் எண்டு பேசாமல் விட்டிட்டம்.”

சந்திரகலா நிமிர்ந்து இரஞ்சிதத்தைப் பார்த்தாள். முதல் தரமாக இரண்டு பேருடைய முகத்திலும் ஒரே சூடு. பார்த்துவிட்டுத்தான் அன்றைக்குச் சிரித்திருக்கிறார்கள்.

“யோகாக்கா, நான் இரஞ்சிதம். பக்கத்திலைதான் இருக்கிறன்,” என்றாள் இரஞ்சிதம் போனை நோக்கி. மறுபக்கம் இணைப்பு அறுந்தது.

மிச்சம் நாலு பேர் இருந்தார்கள். இரஞ்சிதம் விடவில்லை. ஒன்பதாவதும் முடிந்த பிறகுதான் பெட்டியின் மேலிருந்து கையை எடுத்தாள். எப்படித் துளி விடுவது, எந்தப் பொத்தான் என்று காட்டிக் கொடுத்தாள். சந்திரகலா முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றி சொல்லாமல் போனாள். இரஞ்சிதம் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த நாள் விக்னராஜா போன் எடுத்தார். இருமிக்கொண்டே பேசினார்.

“இதென்ன பிள்ளை, வாயெல்லாம் எரியுது.”

“பலமா இழுக்காதேங்கோ. மெல்லமா, சுடுதேத்தண்ணி உறிஞ்சுற மாதிரி,” என்றாள். “பத்து நாள் கஷ்டம். பிறகு பழகும்.”

“அண்டைக்கு நான் வாயைத் திறந்திருக்கோணும்,” என்றார்.

“ஓம்,” என்றாள் இரஞ்சிதம். “திறந்திருக்கோணும்.”

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அவள் போனை வைத்துவிட்டாள்.

மன்னிக்க அவளுக்கு மனம் வரவில்லை. வருமென்று அவள் யாருக்கும் சொல்லவும் இல்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கொருமுறை திரவம் ஓடர் பண்ணும்போது, அண்ணனுக்கும் சேர்த்தே பண்ணினாள். பொதி வந்ததும் அவர் ஸ்பிரிங்வேலுக்கு வந்து, வாசலில் நின்று, இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு போவார். அவள் அவரை உள்ளே வாருங்கோ என்று கூப்பிடுவதில்லை.