ரொகேலியோவின் வயிற்றைப் பற்றி ஓர் அறிக்கை

மூன்றாவது முறையும் ரொகேலியோ டாக்டரிடமிருந்து விட்டமின் மாத்திரையோடுதான் திரும்பி வந்தான். மாத்திரைப் பட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைக் கழற்றினான். வயிற்று வலியைப் பற்றி என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டாரு. நல்லா இருக்கேன்னு சொன்னேன். கேட்டா மரியாதையா பதில் சொல்லணும்ல, பினா?"

என் புருஷன் மலைமேலுள்ள எங்கள் பகியோ நகரத்துக்கும் பக்கத்துத் திரினிதாத் ஊருக்கும் நடுவில் ஜீப்னி, அதாவது சின்ன டவுன்பஸ், ஓட்டுகிறவன். கைநீட்டினால் கை தெரியாத பனிமூட்டத்தில், வளைவில், முட்டைக்கோஸ் லாரியை முந்திப் போவான். வெள்ளைக் கோட்டைக் கண்டால் மட்டும் முதல் நாள் பள்ளிக்குப் போன பிள்ளை மாதிரி கைகட்டி நிற்பான். மூன்று மாதமாக அவன் தட்டில் பாதி நாய்க்குப் போகிறது. நாய் உருண்டு திரண்டுவிட்டது, இவன் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறான். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைக் காட்டினால் அவன் இன்னும் வாயை மூடிக்கொள்வான் என்பதால் திட்டிக்கொண்டே இருந்தேன்.

இத்தனைக்கும் என் பிழைப்பே வியாதிதான். பன்னிரண்டு வருஷமாகப் படுக்கையறை மூலையில் உட்கார்ந்து அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்கிறேன். காதில் ஹெட்ஃபோன், காலடியில் பெடல். மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்துவார். புருஷன் விஷயத்தில் இந்த வசதி கிடையாது. முகம் தெரியாத ஒருவருக்கு அரிசோனாவில் எத்தனை நாளாக மலச்சிக்கல் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறவனின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது.

சரி, இவன் வாய் திறக்காவிட்டால் போகிறது, முறைப்படி ஓர் அறிக்கை அடித்துக் கையில் கொடுத்தனுப்பலாம் என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டேன். வலி எங்கே என்றால் வயிற்றில் என்றான். எப்படிப்பட்ட வலி என்றால் வலிக்கிற மாதிரி வலி என்றான். எப்போது வருகிறது என்றால், நீ இப்படிக் கேட்கும்போதெல்லாம் வருகிறது என்று எழுந்து போய் நாயைக் குளிப்பாட்ட ஆரம்பித்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் டைப் அடிக்கிற அமெரிக்க டாக்டர்கள் யாரும் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசிப் பதிவு செய்வதில்லை. பாதிப் பேர் கார் ஓட்டிக்கொண்டேதான் பேசுவார்கள், நடுவில் பர்கர் தின்பார்கள், சிக்னலைத் திட்டுவார்கள். என் பழைய ரெக்கார்டரை எடுத்து ரொகேலியோவின் சட்டைப் பையில் போட்டேன். வண்டியில் இருக்கும்போது சும்மா பேசு, யாரும் உன்னைப் பார்க்கப் போவதில்லை என்றேன். ஜீப்னியில் இருபது பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நானும் மறந்தேன், அவனும் மறந்தான்.

திங்கட்கிழமை ஓட்டம் முடிந்து ரெக்கார்டர் வீட்டுக்கு வந்தது. மறுநாள் காலையில் ஹெட்ஃபோனை மாட்டிப் பெடலை மிதித்தேன். முதலில் இன்ஜின், அப்புறம் "திரினிதாத், திரினிதாத்" என்று ஆள் கூப்பிடுவது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சாட்சாத் டாக்டர் மாதிரியே தொடங்கினான். "நோயாளி பேரு ரொகேலியோ. வயசு நாப்பத்தாறு. கல்யாணம் ஆனவன்." இங்கே ஒரு பெருமூச்சு. பெருமூச்சை டைப் அடிக்கக் கூடாது என்பது எங்கள் தொழில் விதி, அதனால் விட்டேன்.

யாரிடம் பேசுகிறாய் என்று முன்சீட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. சந்தையில் கேரட் விற்கும் மனாங் சோலெங், ஊருக்கே அக்கா. அவன் விவரம் சொன்னதும் ஜீப்னி முழுக்கத் தொழிலில் இறங்கிவிட்டது. ஒருவர் தன் மச்சானுக்கு இதே வலி வந்து கொய்யா இலைக் கஷாயத்தில் போனதாகச் சொன்னார். கல்லூரிப் பெண் ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை காப்பி என்று கேட்டாள். ஆறு என்றான். என்னிடம் இரண்டு என்றல்லவா கணக்கு? பின்னாலிருந்து ஒரு கிழவர், "இவரு திடீர் திடீர்னு பிரேக் போடறாரு, அதையும் டாக்டருக்குச் சொல்லுங்க" என்றார். நான் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அடித்தேன்.

ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். கடைசியில் மனாங் சோலெங் மட்டும் மிச்சம்.

"வெளிய போறது என்ன நிறம்?" என்று அவள் கேட்டாள்.

கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது.

"கறுப்பு. ரெண்டு வாரமா."

என் கால் தானாகப் பெடலை விட்டது. கறுப்பு என்றால் உள்ளே எங்கோ ரத்தம் கசிகிறது என்று எத்தனையோ அறிக்கையில் அடித்திருக்கிறேன். அதைத் திரும்ப மிதிக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது.

"பினாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா காதுல கேட்ட அத்தனை வியாதியையும் எனக்கு மாட்டிப் பாப்பா, மனாங். நாள் பூரா செத்தவங்களையும் சாகப்போறவங்களையும் டைப் அடிக்கிறா. வீட்லயாவது ஒருத்தன் நல்லா இருக்கணும்ல."

அழுதேன். அழுதபடியே அடித்தேன், தலைப்பு தலைப்பாக, ஒரு எழுத்து பிசகாமல். அன்று மாலையே அவனைப் பிடித்துக்கொண்டு நானே டாக்டரிடம் போனேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். ரொகேலியோ உதட்டைக் குவித்து, அதாலேயே என்னைச் சுட்டிக் காட்டினான்.

"ரொம்பத் தெளிவா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். கருப்பை இயல்பான அளவுல இருக்குன்னு போட்டிருக்கீங்க."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எங்களுக்கு எல்லாவற்றுக்கும் தயார் பத்திகள் உண்டு, இரண்டு விசையைத் தட்டினால் ஒரு பத்தி வந்து விழும். கண்ணீரில் பெண்களுக்கான பத்தியைத் தட்டியிருக்கிறேன். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அப்போது ரொகேலியோ பேசினான், வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு டாக்டர் முன்னால், கேட்காமலே.

"அதுவாவது நல்லா இருக்கே, டாக்."

டாக்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதன் பிறகு இவனும் கட்டிய கையை அவிழ்த்துவிட்டு, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். கறுப்பு நிறத்தையும் சொன்னான். டாக்டரின் சிரிப்பு நின்றது. மறுநாளே பெரிய ஆஸ்பத்திரியில் வாய் வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே என்னைத் திரைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அரை மணி நேரத்தில் குழாயை எடுத்துவிட்டார்கள். மருந்து மயக்கத்தில் ரொகேலியோ, "ரெண்டு பேரு, இன்னும் ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்" என்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தான். நர்ஸ் ஒருத்தி சிரித்தாள். அறிக்கை முடிந்ததும் பேசுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, பரிசோதித்த டாக்டர் திரைக்கு அந்தப் பக்கம் மேசையருகே போய் நின்று அறிக்கையைச் சொல்ல ஆரம்பித்தார்.

இந்த மாதிரி அறிக்கை ஆயிரம் அடித்திருப்பேன். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் டாக்டர்கள் ஒரே மூச்சில் ஓடுவார்கள், தொண்டையில் ஆரம்பித்துக் குடலில் போய்த்தான் நிற்பார்கள். ஏதாவது இருந்தால் நிதானமாகிவிடுவார்கள். வார்த்தை புரியவே வேண்டாம், வேகத்தைக் கேட்டால் போதும். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். டாக்டர் நிதானமாகத்தான் பேசினார். உடனே ஒரு பெண் குரல், "இருங்க டாக், இருங்க, 'உணவுக்குழாய்' இன்னும் அடிச்சு முடிக்கல" என்றது. எட்டிப் பார்த்தேன். இரண்டே விரலால், ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தாள்.

அந்த நிதானம் இவளாலா, அவன் வயிற்றாலா? கண்டுபிடிக்க முடியவில்லை. இன்னும் மூன்று வார்த்தை பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் ஆகவில்லை. திரையை விலக்கி உள்ளே போய், "நீ எந்திரிம்மா" என்றேன். அவள் தப்பித்தோம் என்று எழுந்துவிட்டாள்.

"நான் அடிக்கிறேன், டாக். நீங்க எவ்வளவு வேகமா வேணும்னாலும் சொல்லுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மாட்டிக்கொண்டார்.

"இரைப்பை" என்றார்.

அடித்தேன். அடுத்த வார்த்தைக்காக என் பத்து விரல்களும் விசைகளின்மேல் நின்றன.