இடது கண்ணுக்கு ஒரு சாட்சி

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலும், கப்பல் பட்டறையிலிருந்து வருகிற தம்பிகளை நிறுத்தி வைத்து, "எண்ணெய்க் கையோட தொடாதீங்க தம்பி, எத்தனை தடவை சொல்றது?" என்று சத்தம் போடுவேன். முதலாளி பரமசிவம், "அற்புதமேரி, கஸ்டமர ஏசாதீங்க லா" என்பார். அப்பேர்ப்பட்டவள் நான். என் வீட்டில், என் கண்ணெதிரே, என் மகள் கண்ணில் ஒருவர் எண்ணெய் தடவினார். நான் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மகள் பெயர் டானியலா. வயது இருபத்தாறு. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது நானா அலமாரியா என்று தெரியாது. சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஆனால் மனசெல்லாம் தீயணைப்பு வண்டியில். அந்த வேலைக்கு மனுப்போட்டு, ஓட்டம், எடை தூக்குவது, நேர்முகம் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். கண் சோதனை மட்டும்தான் பாக்கி. கண்ணாடி இல்லாமல் ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாக எழுத்துப் பலகையைப் படித்துக் காட்ட வேண்டும். அதற்காகத்தான் லேசர் செய்துகொண்டாள்.

டாக்டர் நிரஞ்சனா எனக்கும் சேர்த்துத்தான் விளக்கினார். "கருவிழி மேல பால் ஏடு மாதிரி ஒண்ணத் தூக்கி, உள்ள லேசர் அடிச்சு, திரும்பப் படிய வச்சிருக்கோம் ஆன்ட்டி. தையல் எல்லாம் கிடையாது. தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது, தண்ணி படக் கூடாது. சொட்டு மருந்தத் தவிர வேற எதுவும் கண்ணுகிட்ட போகக் கூடாது." நான் தலையை ஆட்டினேன். கண்ணாடிக் கடைக்காரிக்கே பாடமா என்று ஒரு திமிர் வேறு.

மறுநாள் போய்க் காட்டியபோது எல்லாம் நன்றாக இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது குழந்தை மாதிரி கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தாள். "மம்மி, அந்தப் பாட்டி முடியில உள்ள கிளிப்பு கூடத் தெரியுது லா!" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தெரியாமல் தேய்த்துவிடக் கூடாதென்று, படுக்கும்போது கண்மேல் பிளாஸ்டிக் மூடி வைத்து டேப் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். மருந்து நான்தான் போடுவேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய் டேப்பைத் தொட்டதுமே, கண்ணைத் திறக்காமல் முகவாயை நிமிர்த்திக் கொடுப்பாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஜெபக்குழு வந்தது. ஆங் மோ கியோவில் எங்கள் பிளாக்கைச் சுற்றிப் பன்னிரண்டு குடும்பங்கள். வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் கூடுவோம். யாருக்காவது சுகமில்லை என்றால் தேடிப் போய் ஜெபமாலை சொல்வோம். தலைவர் மரியஅந்தோணி அண்ணன். என் வீட்டுக்காரர் இறந்தபோது முப்பது நாளும் தவறாமல் வந்து ஜெபம் சொன்னவர். அந்த நன்றிதான் அன்றைக்கு என் வாயைக் கட்டிப்போட்டது.

டானியலா கண்ணில் மூடியோடு நாற்காலியில் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தாள். எல்லாரும் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் டீ ஊற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது, அண்ணன் அவள் முன்னால் நின்றார். கையில் ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவந்த ஜெப எண்ணெய். தலைவலி என்றால் நெற்றியில் போடுவார், மூட்டுவலி என்றால் முட்டியில் போடுவார். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர் கை நேராகக் கண்ணுக்குப் போனது. இடது பக்கத்து டேப்பை உரித்து மூடியை எடுத்தார்.

"அண்ணே..." என்றேன். ஜெப நேரத்தில் பேசாதே என்பதுபோல் கையைக் காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். பாவி, மூடிக்கொண்டேன்!

டானியலா முகவாயை நிமிர்த்திக் கொடுத்தாள். அவர் கட்டைவிரலை எண்ணெயில் முக்கி, இமைமேல் அழுத்திச் சிலுவை போட்டார். அவள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறக்க, எண்ணெய் உள்ளே போய்விட்டது. அவள் போட்ட அலறலில்தான் தட்டு என் கையிலிருந்து விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவர் கை நின்றது; வலது கண் அப்படித்தான் தப்பியது.

கிளினிக்குக்கு டாக்சியில் பறந்தோம். கண்ணைப் பொத்தாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அது யார் கை?"

"அந்தோணி அண்ணன்."

"நீங்கன்னு நெனச்சேன். அதான் ஆடாம இருந்தேன். நீங்க எங்க இருந்தீங்க?"

"டீ கொண்டாந்தேன்."

"பாத்தீங்களா?"

டிரைவரிடம், சீக்கிரம் போங்கள் என்றேன்.

ஏடு விலகிச் சுருங்கியிருந்தது. டாக்டர் நிரஞ்சனா அதைத் தூக்கிக் கழுவி மறுபடி படிய வைத்தார். அன்றிலிருந்து டானியலா மருந்தைத் தானே போட்டுக்கொண்டாள். பாதி கன்னத்தில் வழியும். நான் பக்கத்தில் போனால், "இட்ஸ் ஓகே" என்று நகர்ந்துகொள்வாள். பெற்ற தாயிடம் சொல்கிற இட்ஸ் ஓகே.

ஆறு வாரம் கழித்துக் கண் சோதனை. வலது கண் கடைசி வரிவரைக்கும் படித்தது. இடது கண்ணுக்கு ஒவ்வொரு எழுத்தும் நிழலோடு இரண்டிரண்டாகத் தெரிந்தது. தீயணைப்பு வேலை போய்விட்டது. இன்னும் ஆறு மாதம் சொட்டு மருந்து போட்டுப் பொறுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அந்த வாரம் கூட்டம் அந்தோணி அண்ணன் வீட்டில். ஆறு வாரத்தில் ஒரு போன் போட்டுப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்காத மனுஷர். தனியாகக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். எங்கள் வழக்கப்படி ஜெபம் முடிந்ததும் சாட்சி சொல்வோம். கடவுள் செய்த நன்மையை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். முதல் ஆளாக அவரே எழுந்தார்.

"நம்ம அற்புதமேரி மக டானியலா. ரெண்டு கண்ணுலயும் மைனஸ் ஆறு! இன்னிக்குக் கண்ணாடி இல்லாம நடமாடுது. இந்தக் கையாலதான் எண்ணெய் போட்டேன். இயேசுவுக்கே புகழ்!"

"மரியே வாழ்க!" என்று பன்னிரண்டு குடும்பமும் கை தட்டியது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. எழுந்தேன்.

"நானும் ஒரு சாட்சி சொல்லணும்."

"வாங்கம்மா, வாங்க" என்று அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அந்தப் புள்ளைக்குப் பார்வை கொடுத்தது டாக்டரு. இடது கண்ணக் கெடுத்தது நீங்க. உங்க எண்ணெய் போய், டாக்டர் அந்தக் கண்ண மறுபடி தொறந்து கழுவுனாங்க. சோதனையில பெயில். ராப்பகலா ஓடி ஓடி வாங்குன வேலை போச்சு. இதத்தான் நீங்க அற்புதம்னு சாட்சி சொல்றீங்க."

பாட்டுக்குக் கிடார் வாசிக்கிற பெதானி, டானியலாவின் தோழி, கிடாரைக் கீழே வைத்தாள். அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"விசுவாசத்தோட ஏத்துக்கிட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதும்மா."

"விசுவாசத்த இதுல இழுக்காதீங்க! என் விசுவாசத்துக்கு ஒரு கொறையும் இல்ல. நீங்க கை கழுவுனீங்களா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

"என் சாட்சி இன்னும் முடியல" என்றேன். குரல் உடைந்துவிட்டது. உடையட்டும். "நான் அங்கதான் நின்னேன். எல்லாத்தையும் பாத்தேன். அண்ணன் மனசு நோகுமேன்னு வாயத் தொறக்கல. என் கைன்னு நம்பித்தான் என் மக முகத்தக் காட்டுனா. அவ விசுவாசம் அது. அதக் கெடுத்தவ நான்."

யாரும் கை தட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் டானியலா சோபாவில் இருந்தாள். மேசைமேல் மருந்துப் பாட்டில்.

"பெதானி மெசேஜ் பண்ணா" என்றாள்.

நான் கதவைப் பூட்டிவிட்டு வந்தேன்.

"மருந்து நீங்க போடுங்க. மன்னிச்சிட்டேன்னு நெனச்சுக்காதீங்க. கன்னத்துல கொட்டுது, அதான்."

கையை இரண்டு தடவை கழுவினேன். திரும்பி வந்தபோது கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டு உடம்பு விறைத்தது.

"யாரு?"

"மம்மிதான்."

"வேற யாராவது இருக்காங்களா?"

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். கதவை நானே பூட்டியிருந்தேன்.

"யாரும் இல்ல. வந்தாலும் கிட்ட விட மாட்டேன்."

பிறகு முகவாயை நிமிர்த்தினாள்.